பதினோராவது விதி

தெம்பனிஸ்
11 மே 2025

ஆம்ப்ரோஸ்,

உனக்கு எழுதி ஐந்து மாதம் ஆகிறது. பார்க்க வந்த இரண்டு முறையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் கையில் எடுக்காமலே உட்கார்ந்திருந்தாய். நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உன் வாயைப் பார்த்தபடி இருந்தேன். அதைவிட எழுதுவது மேல்.

செய்தி இதுதான். கோயில் ஆண்கள் சங்கம் இந்த வருடம் தூண்டில் போட்டியை மறுபடி நடத்துகிறது. மாதா திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, செப்டம்பர் 6, காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. கிழக்குக் கடற்கரையில், கடலுக்குள் நீண்டிருக்கும் அதே ஜெட்டிப் பாலம். வேண்டாம் என்று சொன்னேன். தலைவர் ஜோனத்தன் கேட்கவில்லை. "நடத்தாம விட்டா அந்த ஒரு நாள்தான்லா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், செரினா. அதுக்கு மேல இன்னொரு நாள் வரணும்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரத்தத்தின் மேல் இன்னொரு நாளைப் பூசினால் அது போய்விடும் என்று நினைப்பவர்கள் அந்த ஜெட்டிக் கான்கிரீட்டைத் தேய்த்துக் கழுவியவர்கள் இல்லை.

ஆனாலும் வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப் பதிவு, யார் எங்கே நிற்பது என்ற சீட்டு, மீன் நிறுக்கும் மேசை, முதலுதவிப் பெட்டி, விதிகள். சங்கத்தில் மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாற்பது பேர். இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

சேதுபதி பெயர் கொடுத்துவிட்டான். ஆமாம், எதிர்வீட்டில் வளர்ந்த, நீ இடது கண்ணை எடுத்த அதே சேதுபதி. பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான்.

நீ ஆகஸ்ட் 30 அன்று வெளியே வருகிறாய். நடுவில் ஏழு நாள். வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

செரினா


2 ஜூன் 2025

அக்கா,

இதை ஒரு அதிகாரி படித்த பிறகுதான் உனக்கு அனுப்புவார்கள். அதனால் நல்ல பிள்ளையாக எழுதுகிறேன்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறாய். போன வருடம் என்னைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் ஜாமீனுக்கு உன் பெயரைத்தான் கொடுத்தேன். நீ வந்தாய். ஃபாரத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாய். தஞ்சோங் பகார் ஆபீசில் அடுத்தவர்களுக்கு விதிமுறைப் புத்தகம் எழுதுகிறவள் இல்லையா, படிக்காமல் இருப்பாயா? படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாய். "உன்னை வெளியில விட எனக்குத் தைரியம் இல்ல" என்றாய். போலீஸ்காரர் எதிரில் சொன்னாய். அதற்கு மேல் போனில் என்ன பேசுவது?

ஜெயிலோடு சேர்த்துப் பிரம்படி மூன்று. அதைப் பற்றி எழுத மாட்டேன். இரண்டாவது விழும்போது நான் அம்மாவைக் கூப்பிடவில்லை, ஏசுவையும் கூப்பிடவில்லை, சேதுவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று மட்டும் தெரிந்துகொள். நான்கு நாள் குப்புறப் படுத்தேன். அந்த நான்கு நாளும் அவன் கையில் இருந்த கத்திதான் கண் முன்னால்.

உனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அதனால் சொல்கிறேன். ஜெட்டியில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒருவனுக்குப் பெரிய மீன் மாட்டினால் "லைன் எடு!" என்று கத்துவான். பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் உடனே தங்கள் தூண்டிலைச் சுருட்டி மேலே எடுத்துவிட வேண்டும். சீனன், மலாய்க்காரன், நம்ம ஆள், யாராக இருந்தாலும். எடுக்காவிட்டால் மீன் பக்கவாட்டில் ஓடி எல்லா லைனையும் சிக்கலாக்கிவிடும். முப்பது வருடமாக நான் கத்தினால் சேது எடுப்பான், அவன் கத்தினால் நான் எடுப்பேன். சில நேரம் கத்தவே வேண்டியதில்லை, என் தூண்டில் கம்பு வளைவதைப் பார்த்தே எடுத்துவிடுவான்.

அன்றைக்கு மாட்டியது திருக்கை. சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும். இருபது நிமிடம் பிடித்து நின்றேன், முதுகு விட்டுப் போனது. மூன்று முறை கத்தினேன். சேது எடுக்கவில்லை. என் மீன் அவன் லைனில் போய்ச் சிக்கியது. அவன் கத்தியை எடுத்து, அவன் லைனை விட்டுவிட்டு என் லைனை அறுத்தான்.

அவனிடம் பேச வேண்டியிருக்கிறது. பட்டியலில் என் பெயரையும் போடு.

ஆம்ப்ரோஸ்


தெம்பனிஸ்
22 ஜூன் 2025

ஆம்ப்ரோஸ்,

"பேச வேண்டியிருக்கிறது" என்று எழுதினால் அதிகாரிக்குப் புரியாமல் போகலாம். எனக்குப் புரியும். எட்டு வயதில் நீ இப்படி "பேசப் போன" பையனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அன்றைக்கு ஜெட்டியிலும் மீனை அடிக்கிற கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு "வா பேசலாம்" என்றுதான் நடந்தாய்.

உன் பெயரைச் சேர்க்க மாட்டேன். ஜாமீனில் கையெழுத்துப் போடாததற்கு நான் வருந்தவும் இல்லை.

நீ வருவாய் என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தேன். பெருமைப்படும்படியானது இல்லை. குவீன்ஸ்டவுனுக்குப் போய், சேதுபதியின் வீட்டில் உட்கார்ந்து, இந்த வருடம் மட்டும் போட்டிக்கு வராமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். அவன் நான் பேசும்போது தலையை முழுவதுமாகத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் பார்வை இல்லாததால் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தாடையில் தகடு வைத்திருக்கிறார்கள். மெல்லும்போது க்ளிக் என்று ஒரு சத்தம் வருகிறது. எனக்கு பிஸ்கட் வைத்துவிட்டு அவனும் ஒன்று சாப்பிட்டான். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் வேண்டுகோளைச் சொல்லி முடித்தேன்.

"அடிச்சவன் வர்றான்னு அடிபட்டவன வீட்டுல இருக்கச் சொல்றியா?" என்று கேட்டான். கோபமாகக் கூட இல்லை. நான் சரியாகத்தான் கேட்கிறேனா என்று உறுதி செய்துகொள்வதுபோலக் கேட்டான்.

அவன் மகள் இனியா என்னை லிஃப்ட் வரை கொண்டுவிட வந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் என்னை அறைந்தாள். நல்ல அறை. காது அடைத்துப்போனது. "ஆன்ட்டி, எங்கப்பாவை நாப்பது நாள் ஸ்ட்ரா வச்சு சாப்பிட வச்சது நான். உங்களுக்கு வெட்கமே இல்லையா?" என்றாள். உள்ளே ஒரு வயதானவர் மார்க்கெட் பையுடன் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு மாடியும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினோம்.

சேதுபதி வருவான். நீ வராதே. கேட்டுக்கொள்கிறேன்.

செரினா


7 ஜூலை 2025

அக்கா,

அந்தப் பெண் உன்னை அறைந்தாள் என்று படித்ததும் முதலில் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். என் செல்லில் இருக்கிற உமைர் "என்ன ப்ரோ, நல்ல செய்தியா?" என்று கேட்டான். அப்புறம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். என் அக்காவின் மேல் கை வைக்கிற அளவுக்கு அந்த வீட்டில் தைரியம் வந்திருக்கிறது. சரி. அதையும் சேர்த்துப் பேசிக்கொள்கிறேன்.

நீ வருந்தச் சொல்லி எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். எழுதவில்லை. இங்கே வாரம் ஒருமுறை ஆலோசகர் வருகிறார், நல்ல மனிதர். கோபம் வரும்போது பத்து எண்ணச் சொல்கிறார். நான் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் நின்றுவிடுகிறேன். நான்கு அடி அடித்தேன். முதல் அடி மீனுக்காக. அந்தக் கட்டையை மீன் மண்டையில் எப்படிப் போடுவேனோ அப்படிப் போட்டேன். அவன் முட்டிபோட்டு விழுந்தான். இரண்டாவது அடியில் தாடை. உள்ளே ஏதோ உடைகிற அதிர்வு கட்டை வழியாக என் முழங்கை வரைக்கும் வந்தது. மூன்றாவதில் கண். நான்காவது எங்கே பட்டது என்று எனக்கே தெரியாது, நீதிமன்றத்தில் படித்துக் காட்டித்தான் தெரிந்தது. தோள். பின்னால் வந்த மூன்றும் எதற்கு என்று ஆலோசகர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடிக்க அடிக்க நன்றாக இருந்தது. அதுதான் உண்மை, அதை இந்தக் கடிதத்தைப் படிக்கிற அதிகாரியும் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு ஒரு கேள்விதான். முப்பது வருடம் எடுத்தவன் அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை? இதற்குப் பதில் தெரியாமல் ராத்திரியும் பகலும் ஒன்றாகிவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா? ஒரு ரோல் கேக்கும் ஒரு கம்பும்தானே பரிசு. அவன் வாயால் சொல்லட்டும். சொல்கிற பதில் சரியில்லை என்றால் இன்னொரு கண் இருக்கிறது.

இந்த வரியை அதிகாரி அடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். அடித்தால் அடிக்கட்டும். நீ பெயரைச் சேர்க்காவிட்டால் வேடிக்கை பார்க்க வருகிறேன். ஜெட்டி பொது இடம்.

ஆம்ப்ரோஸ்


தெம்பனிஸ்
20 ஜூலை 2025

ஆம்ப்ரோஸ்,

இன்னொரு கண் என்ற வரியை யாரும் அடிக்கவில்லை. தமிழில் எழுதியதை அவசரமாகப் படித்திருப்பார்கள். நான்கு முறை படித்தேன்.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பத்து மாதத்துக்கு மேலாகத் தெரியும். அதை இனி வைத்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதனின் மிச்சமிருக்கும் கண்ணுக்கு நான் பொறுப்பாவேன்.

நீ அடித்ததற்கு முந்தைய வருடப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? கடைசி அரை மணி நேரத்தில் ஜெட்டியின் முனையில் மீன் கடிக்கிறது என்று எல்லாரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு அங்கே ஓடி, ஒருவரையொருவர் இடித்து, ஜோனத்தன் தண்ணீரில் விழப் பார்த்தார். அதனால் போன வருடம் நான் ஒரு விதி எழுதினேன். பதினோராவது. "கடைசி அரை மணி நேரத்தில் தூண்டிலை மேலே எடுத்தவர், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுபடி போடக் கூடாது." எனக்கு அது மிகச் சரியான வாக்கியமாகத் தோன்றியது. ஆபீசில் எழுதுவதுபோல எழுதினேன். மீன் பிடிக்கிற யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் யாராவது ஒருவர் "அப்ப லைன் எடுன்னு கத்தினா என்ன செய்றது?" என்று கேட்டிருப்பார்.

இருபத்து நான்கு பேரிடம் தாளைக் கொடுத்தேன். நீ அதில் இறால் சுற்றி வைத்தாய். படித்தவன் சேதுபதி ஒருவன்தான்.

பதினொன்றே முக்காலுக்கு நீ கத்தினாய். சேதுபதியின் கை ரீலில் இருந்தது. சுருட்ட ஆரம்பித்துவிட்டான். அப்புறம் நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்துடன் அவனுக்குப் பின்னால் இரண்டடியில் நின்றேன். "செரினா, நான் எடுத்துட்டா அவுட்டா?" என்று கேட்டான். நான் "விதின்னா விதிதான், எடுத்தா அவுட்" என்றேன். அவன் கையை எடுத்துவிட்டான். நீ மூன்று முறை கத்தியதும் எனக்குக் கேட்டது. நீ எதற்காகக் கத்துகிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் மீன் பிடிக்கும்போது கத்துவார்கள் என்று நினைத்தேன்.

இன்னும் இருக்கிறது. அவன் வேண்டுமென்று உன் லைனை அறுக்கவில்லை. சிக்கிய இரண்டு லைனையும் பிரிக்கக் கையை விட்டான். உன் மீன் இழுத்தபோது உன் லைன் அவன் சுட்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. உனக்குத் தெரியும், அந்தப் பின்னல் நூல் எப்படி அறுக்கும் என்று. எலும்பு வரை போய்விட்டது. அவன் விரலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கத்தியை எடுத்தான். நான் ரத்தத்தைப் பார்த்தேன். நீ கட்டையுடன் வருவதையும் பார்த்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும். வரவில்லை. முதல் அடியின் சத்தம் ஈரத் துணியைத் தரையில் அடிப்பதுபோல இருந்தது. மற்ற மூன்றையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

போலீஸ் என்னிடம் கேட்டது: நீங்கள் என்ன பார்த்தீர்கள்? பார்த்ததைச் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். சேதுபதியும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டையைப் பிடித்தது உன் கை. அதை நான் என் தலையில் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நீ அவனிடம் கேட்க நினைக்கிற கேள்வியை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

செரினா


8 ஆகஸ்ட் 2025

ஜெயில் வாசலுக்கு வராதே.

இங்கே பதினெட்டு பேர் கொண்ட செல் வரிசையில் என்னைச் சீண்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். ஒரு வருடம் அவனைத் தொடாமல் இருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் அவன் சோப்பை எடுத்துவிட்டான் என்பதற்காக அவன் கழுத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். உமைர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்திருக்காவிட்டால் சொன்ன தேதியில் வெளியே வர முடியாது.

நீதிமன்றத்தில் நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நீதிபதி "வேண்டுமென்றே அறுத்ததாகக் குற்றவாளி நினைத்தார்" என்று படித்தபோது குனிந்து கைப்பையில் எதையோ தேடினாய். அது எனக்கு இப்போது திரும்பத் திரும்ப வருகிறது.

வராதே. என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

ஆ.


தெம்பனிஸ்
18 ஆகஸ்ட் 2025

ஆம்ப்ரோஸ்,

வருவேன். பதினோரு மணிக்கு முன்னால் விட மாட்டார்கள் என்று சொன்னார்கள். பத்தரைக்கே பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து பதினோராவது விதியைப் பற்றியும் நான் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். அன்வர், எப்போதும் ஜெட்டி முனையில் நிற்பவர், "ஐயோ, அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உங்களத் தண்ணில தள்ளியிருப்பேனே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நீந்தத் தெரியாதவள் என்று அவருக்குத் தெரியும். ஜோனத்தன் போட்டியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். விதிகளை அன்வர் எழுதுகிறார். பட்டியல் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுபடி குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். இனியா கதவைத் திறந்து, உள்ளே விடாமல் அப்பாவைக் கூப்பிட்டாள். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சேதுபதியிடம் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னேன். நீ என்ன எழுதினாய் என்பதையும், இன்னொரு கண் பற்றிய வரியையும் மறைக்காமல் சொன்னேன். என்னால்தான் அவன் தூண்டிலை எடுக்கவில்லை என்று போலீசில் சொல்லப் போவதாகவும் சொன்னேன்.

"உன்னாலயா?" என்றான். "நீ யாரு எனக்கு? டீச்சரா? முப்பது வருஷம் எடுத்தவனுக்கு உன் தாளு பெருசா? எடுத்துட்டு அவுட் ஆகியிருக்கலாம்லா. நீ அப்படிச் சொன்னதும் எனக்கு சௌகரியமா இருந்துச்சு. அந்த மீன் அவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அதான் நான் யார்கிட்டயும் சொல்லல. விரல் மாட்டினது அப்புறம்தான்."

ஒரு வருடமாக முழுதாக என்னுடையது என்று நினைத்திருந்த தப்பில் பாதியை அவன் பிடுங்கிக்கொண்டான். அவன் அதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை.

"அவன் பேரப் போடு. ஆனா என் இடது பக்கம் நிக்கக் கூடாது. நான் பாக்கற பக்கம் நிக்கட்டும். வந்தான்னா இந்தத் தடவ நானும் சும்மா இருக்க மாட்டேன், அதையும் எழுது" என்றான் சேதுபதி.

எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து இனியா ஏதோ ஒரு பாத்திரத்தைச் சுவரில் எறிந்து உடைத்தாள்.

செரினா


குவீன்ஸ்டவுன், அன்வர் வீடு
31 ஆகஸ்ட் 2025

அக்கா,

போனில் பேச முடியவில்லை. அதனால் அன்வர் மனைவியிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். இதை யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள்.

நேற்று நீ என்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் உன்னைப் பார்த்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருந்தும் வெயிலில் நின்றாய். நான் நடந்து வந்த வேகத்தைப் பார்த்து நீ ஓடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாய். மடக்கினாய். கூட்டில் வைத்து, கூட்டைக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாய். கண்ணில் கண்ணாடிச் சில்லு போகக் கூடாது என்று. அவ்வளவு யோசனையாக. அப்புறம் முகத்தைத் தூக்கினாய்.

அதைப் பார்த்த பிறகும் அடித்தேன். மூடிய கையால். பல் பட்டு என் விரல் கிழிந்திருக்கிறது. நீ கம்பத்தில் போய் மோதினாய். உன் உதட்டிலிருந்து வந்த ரத்தம் சட்டையில் விழுந்தபோது, ஒரு பெண் பேருந்தைப் பிடிக்காமல் நின்று கத்தினாள். நீ "இன்னும் இருக்கா?" என்று கேட்டாய். கிண்டலாகக் கேட்கவில்லை. இன்னும் எத்தனை என்று தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி நிற்கலாம் என்பதுபோலக் கேட்டாய்.

இருந்தது அக்கா. கை மேலேதான் இருந்தது. அடித்தால் நல்லாயிருக்கும் என்றும் தெரியும். நீ கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாய். நான் கையை இறக்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நீ டாக்சி பிடித்துப் போன பிறகும், அன்வர் வந்து என்னைக் கூட்டிப்போகும் வரை அந்தப் பெண் எனக்குக் காவல் மாதிரி நின்றாள்.

ஜெட்டியில் யாரும் சேதுவுக்கும் எனக்கும் நடுவில் நின்று அப்படிக் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை உட்காருவேனா என்று என்னால் சொல்ல முடியாது. நான் திருந்திவிட்டேன் என்று அவனிடம் போய்ச் சொல்லிவிடாதே. நேற்று நடந்ததை நடந்தபடி சொல். மூடிய கை என்று சொல். கேட்டுவிட்டு அவன் முடிவு செய்யட்டும், சனிக்கிழமை நான் ஜெட்டிக்கு வரலாமா, வேண்டாமா என்று. வேண்டாம் என்றால் வர மாட்டேன். அவன் நிற்கிற இடத்தை இந்த முறை அவன் விட்டுத் தர வேண்டாம்.

அன்வர் சொல்கிறார், உனக்கு மூன்று தையல் என்று. விழுந்துவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னாயாம். டாக்டர் நம்பவில்லையாம், நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம். நான் வெளியே வந்து ஒரு நாள்தான் ஆகிறது. புகார் வந்தால், நன்னடத்தைக்காகக் கழித்துவிட்ட மிச்ச ஆறு மாதத்துக்கும் உள்ளே போக வேண்டும். அது உனக்கும் தெரியும், அதனால்தான் விழுந்தேன் என்றாய்.

நாளைக்கு டாக்டர் கேட்டால் என் பெயரைச் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

ஆம்ப்ரோஸ்